சாதி என்கிற கட்டத்தில் என்ன எழுதுவது?

(ஓசூரில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களும் அவர்களோடு வேலை செய்கிற தோழர்களும் கூடிய ஒருநாள் சந்திப்பில் பேசியது. பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தால் கொஞ்சம் தைரியமாக வந்திருப்பேன். 'பிளஸ் டூ பசங்களுக்கு காலேஜ் அப்ளிகேஷன் பத்திப் பேசுங்க' என்று சொல்லிவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். நான் எழுதிய கவிதைகள் அறுபது எழுபது தேறும். வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்தவர்களுக்காக நான் நிரப்பிக் கொடுத்த படிவங்களுக்குக் கணக்கே கிடையாது.

மார்க் எப்படி வாங்குவது என்று சொல்ல உங்களுக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் காகிதம் பற்றிப் பேசுகிறேன். ஊர்த்தெருப் பையனுக்கு விண்ணப்பம் மே மாதம் ஆரம்பிக்கிறது. நம்ம பிள்ளைகள் பலருக்கு அது தாத்தா காலத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. அது எப்படி என்று என் கதையிலிருந்தே சொல்கிறேன்.

2006 மார்ச்சில் நான் பிளஸ் டூ எழுதினேன். வணிகவியல் குரூப். என் பக்கத்தில் உட்கார்ந்தவனுடைய பெயரைச் சொல்ல மாட்டேன், இங்கேதான் சிப்காட்டில் இருக்கிறான். கணக்குப்பதிவியலில் என்னைவிட அவன் கெட்டி. ஐந்தொகையில் ரெண்டு பக்கமும் ஒத்து வராமல் நான் முழித்துக்கொண்டிருப்பேன். எட்டிப் பார்த்துவிட்டு 'தேய்மானத்த விட்டுட்டே பாருடா' என்பான். ரிசல்ட் வந்தபோது என்னைவிட நாற்பது மார்க் கூட.

அன்றைக்கு ஓசூரில் அரசு கலைக்கல்லூரி இல்லை. கிருஷ்ணகிரி ஆண்கள் அரசு கலைக் கல்லூரிக்குப் போகணும், ஐம்பது கிலோமீட்டர். ரெண்டு பேரும் ஒன்றாகப் பஸ் ஏறிப்போய் ரெண்டு படிவம் வாங்கி வந்தோம். எங்கப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்த என் சாதிச் சான்று அட்டையை எடுத்துக் கொடுத்தார். அதில் 'ஆதி ஆந்திரா' என்றிருந்தது. ஆந்திராவை நான் அதுவரை பார்த்ததில்லை. வீட்டில் பேசுவது தெலுங்கு, அவ்வளவுதான் சம்பந்தம். அவன் வீட்டில் கன்னடம். அவனுடைய அப்பா எண்பதுகளில் ஆனேக்கல் பக்கமிருந்து சிப்காட்டுக்கு லோடு ஏற்ற வந்தவர். அவர்கள் 'ஆதி கர்நாடகா'. ரெண்டு வீடும் மாதிகா வீடுதான். ஒரே தெரு, ஒரே சுடுகாடு.

அவனிடம் அட்டை இல்லை. பள்ளிக்கூடத்தில் 'எஸ்.சி.' என்று எழுதிக்கொண்டதோடு சரி. சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிராமலே கேட்டார்: '1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி உங்க குடும்பம் எங்க இருந்துச்சு?' இவன் சொன்னான்: 'எங்கப்பாவே அப்ப பொறக்கலீங்க சார்.' அங்கே ரெண்டு பேர் சிரித்தார்கள். பிறகு 'போய் கர்நாடகாவுல கேளு' என்று முடித்துவிட்டார்கள்.

பொதுப்பிரிவில் விண்ணப்பம் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவன் மார்க்குக்கு இடம் கிடைத்திருக்கவும் கூடும். எங்களுக்கு அது தெரியாது. சாதிச் சான்று இல்லாத சேரிப்பையன் விண்ணப்பமே போட முடியாது என்று நினைத்தோம். சொல்லித்தர ஆளில்லை. நான் என் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவனுடையது அவன் வீட்டு அலமாரியில் கிடந்தது. ஜூன் மாதம் ஒரு உதிரிபாகப் பட்டறையில் காண்டிராக்டில் சேர்ந்தான். அவனுக்காக அந்த அலுவலகத்துக்கு நான் ரெண்டாவது தடவை போகவில்லை. இருபது வருஷமாக இது என் தொண்டையில் நிற்கிறது.

அந்த 1950 ஆகஸ்ட் 10 என்ன தேதி? குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வந்த நாள். பட்டியல் மாநிலவாரியாகப் போடப்பட்டது. அன்று ஓசூர் சென்னை மாநிலத்தின் சேலம் மாவட்டம். ஆனேக்கல் மைசூர். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து ஆனேக்கல், பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 'ஆதி திராவிடா', 'ஆதி கர்நாடகா', 'ஆதி ஆந்திரா' மூன்றும் ரெண்டு மாநிலப் பட்டியலிலும் இருக்கின்றன. இருந்தாலும் அங்கிருந்து இங்கே வந்தவருக்கு இந்த மாநிலத்தின் ஒதுக்கீடு கிடையாது. 1990இல் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைச் சொன்னது. அந்த வழக்கே ஒரு கல்லூரி விண்ணப்பம்தான் தோழர்களே! ஆந்திராவில் பழங்குடிப் பட்டியலில் உள்ள குடும்பம். அப்பா வேலைக்காகப் பம்பாய் வந்தவர். பையன் அங்கேயே படித்து, சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தான். சலுகை மறுக்கப்பட்டது. ஒரு சாதியின் பின்தங்கிய நிலை அந்தந்த மாநிலத்தைப் பொறுத்தது என்றார்கள். 2018இல் வேறொரு வழக்கில் இன்னொரு அமர்வும் இதையே உறுதி செய்தது.

சட்டத்தின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. உள்ளூர் தலித்தின் இடத்தை வெளியிலிருந்து வருகிறவர் எடுத்துவிடக் கூடாது என்ற நியாயமும் அதில் உண்டு. ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே வாடகைக்கு வீடு கேட்டு, 'நீங்க என்ன ஆளுங்க?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லி வளர்ந்த பிள்ளை எந்த மாநிலத்து தலித்? வீட்டுக்காரர் 1950ஐக் கேட்பதில்லை. டீக்கடைத் தம்ளரும் கேட்டதில்லை.

உள்ளூர்க்காரர்களுக்கும் பெயரில் சிக்கல் உண்டு. 2009இல் தமிழ்நாட்டில் பட்டியல் சாதிகளின் 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்சநீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அதில் ஏழு பெயர்கள்: அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரா. என் அட்டையில் 'ஆதி ஆந்திரா' இருப்பதால் நான் உள்ளே. 'ஆதி கர்நாடகா' தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிதான், ஆனால் இந்த ஏழில் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஓசூர் மண்ணிலேயே இருக்கிற மாதிகா குடும்பம், எவனோ ஒரு கிராம அலுவலர் என்றைக்கோ 'ஏ.கே.' என்று எழுதிவிட்டுப் போனதால் வெளியே நிற்கும். கர்நாடகத்திலும் இதே குழப்பம்தான். இந்த 'ஆதி' பெயர்களுக்குள் யார் ஹொலையர், யார் மாதிகர் என்று தெரியாமல்தான் 2025இல் நாகமோகன் தாஸ் ஆணையம் வீடுவீடாகக் கணக்கெடுத்தது. தன்மானத்துக்காக எடுத்துக்கொண்ட பெயர்கள் இவை. 1922இல் சென்னை மாகாண அரசை 'ஆதி திராவிடர்' என்று எழுத வைத்தது ஒரு போராட்டம். அந்தப் பெயரே இன்றைக்கு ஒரு படிவத்தின் கட்டத்தில் நம் பிள்ளையை மாட்டி வைக்கிறது. ஆகவே சான்றிதழில் 'எஸ்.சி.' இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், உட்பிரிவுப் பெயர் என்ன என்று இன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

சாதிச் சான்று என்பது செத்த பிறகும் விடாது. ரோகித் வெமுலா 2016 ஜனவரியில் இறந்தார். 2024இல் காவல்துறை கொடுத்த அறிக்கை அவர் தலித்தே இல்லை என்று வாதாடியது.

போன வருஷம் ஜூலையில் ஒருநாள் என் கவுண்டருக்கு எதிரே அவன் வந்து நின்றான். கூடவே ஒரு பெண். 'இது என் மக, பிளஸ் டூ. நீதான் அப்ளிகேஷன் போட்டுத் தரணும்' என்றான். அந்தப் பெண் கேட்டது: 'சித்தப்பா, கம்யூனிட்டி காலம்ல நான் என்ன போடறது?'

அவள் பிறந்தது ஓசூர் அரசு ஆஸ்பத்திரியில். அம்மா தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண். அதே கேள்விக்கு ஓர் அலுவலகத்தில் 'அப்பா வழிதான் பார்ப்போம்' என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். இருபது வருஷத்துக்கு முன் அவனை நிறுத்திய இடத்திலேயே மகளும் நிற்கிறாள். இந்தத் தடவை உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எதெது கிடைக்காது, எதெது கிடைக்கும்.

மாநில ஒதுக்கீட்டில் அவள் பொதுப்பிரிவு. பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவுக் கட்டணம் எஸ்.சி., எஸ்.டி.க்கு 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. அவள் 500 கட்ட வேண்டும். சரி, கட்டுவோம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021இல் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு வந்ததே, அது அவளுக்கும் உண்டு. அங்கேயும் பொதுப்பட்டியலில்தான் நிற்பாள். ஆனால் இடம் கிடைத்தால் கட்டணம் அரசே கட்டுகிறது. எட்டாம் வகுப்பிலிருந்து தமிழ்நாட்டிலேயே படித்ததால் இருப்பிடச் சான்று தேவையில்லை. புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் உண்டு, அதில் சாதி கேட்பதில்லை. கர்நாடகத்தில் போய்க் கேட்டால், பொதுவாக அங்கே ஏழு வருஷம் படித்திருக்கணும் என்பார்கள். தாத்தாவின் சாதியை ஆனேக்கல் பக்கம் நிரூபித்துச் சான்று வாங்கினால், அதை வைத்து இங்கே ஒரு சான்று பெறலாம். அது மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் மத்திய அரசு வேலைக்கும் செல்லும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அவள் எஸ்.சி., பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் பொதுப்பிரிவு. ஒரே பெண்தான்.

இனி என் நாற்காலியிலிருந்து தெரிகிற சில விஷயங்கள், எல்லோருக்கும்.

1944இல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில் தொடங்கியது பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்வி உதவித்தொகை. இப்போது மத்திய அரசின் பங்கான 60 விழுக்காடு மாணவர் கணக்குக்கே நேராக வருகிறது. எந்தக் கணக்கு? ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்கு. சிம் கார்டு வாங்கும்போது விரல் வைத்தீர்களே, அங்கே உங்களுக்கே தெரியாமல் ஒரு கணக்கு ஆரம்பித்திருப்பான். பணம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். 'ஸ்காலர்ஷிப் வரலீங்க' என்று அழுதுகொண்டு வந்த பெண்ணுக்கு, அது வந்து எட்டு மாதமாகிவிட்டது என்று நான் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறேன். விண்ணப்பிக்கும் முன்பே வங்கியில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

வருமான வரம்பு 2.5 லட்சம். மாசத்துக்கு 20,833 ரூபாய். பத்து வருஷத்துக்கும் மேலாக அதே வரம்புதான். ஓவர்டைம் பார்த்த அப்பன் அந்த வருஷம் மகனுடைய உதவித்தொகையை இழக்கிறான்.

அடுத்தது ஏஜெண்டு. ரிசல்ட்டுக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்துவிடுவான். 'எஸ்.சி.யா? காசே வேணாம், ஒரிஜினல் சர்டிபிகேட்ட மட்டும் கொடு.' 2012ஆம் ஆண்டின் அரசாணை 92 சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றது. பிறகு வந்த மாற்றங்களில், 2018இன் மத்திய விதியிலும், நிர்வாக ஒதுக்கீட்டு இடங்கள் வெட்டப்பட்டன. ஏஜெண்டு சேர்ப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ரெண்டாம் வருஷம் கட்டணம் கேட்பார்கள், சர்டிபிகேட் அவர்கள் பீரோவில் இருக்கும். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். கலந்தாய்வு வழியாக மட்டும் போங்கள்.

கல்விக்கடன். 4 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது. உத்தரவாத நிதியின் கீழ் 7.5 லட்சம் வரையும் கேட்கக் கூடாது. மேலாளர் 'முடியாதும்மா' என்று வாயால் சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். மறுப்பதென்றால் அடுத்த மேலதிகாரியின் ஒப்புதலோடு, காரணம் காட்டி மறுக்க வேண்டும் என்று வங்கிகளின் மாதிரித் திட்டமே சொல்கிறது. எழுத்தில் கேளுங்கள். (இதைச் சொன்னேன் என்று என் கிளையில் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.)

கம்பெனி பஸ் பற்றியும் ஒரு வார்த்தை. பரீட்சை முடிந்த கையோடு ஆள் எடுக்கிறார்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகளை. ஹாஸ்டல், சாப்பாடு, வாசலுக்கே வண்டி. வேலையை நான் கேவலமாகச் சொல்லவில்லை. எங்க தெருவில் தன் பேரில் ஏடிஎம் கார்டு வைத்துக்கொண்ட முதல் பெண்கள் அவர்கள்தான். ஆனால் கவனியுங்கள்: கம்பெனிக்கு ஆதாரும் மார்க் ஷீட்டும் போதும். உங்கள் தாத்தா 1950இல் எங்கே இருந்தார் என்று அங்கே கேட்பதில்லை. கல்லூரிக்குத்தான் அது வேண்டியிருக்கிறது. நம்ம தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1953இல் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டார். எதிர்ப்பு வந்து 1954இல் போனது. இன்றைக்குத் திட்டம் போட ஆளே வேண்டியதில்லை. ஒரு பக்கம் வண்டி நிற்கிறது, இன்னொரு பக்கம் படிவம் நிற்கிறது. பதினேழு வயசுப் பிள்ளை எதில் ஏறும்?

அந்தப் பெண்ணின் தாத்தா மூணாங்கிளாஸ் வரை படித்தவராம். ஆனேக்கல் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளி. வங்கிக்கு ரெண்டாம், நாலாம் சனிக்கிழமை லீவு, அங்கே சனிக்கிழமை அரைநாள் பள்ளி உண்டு. நாங்கள் மூன்று பேரும் போனோம். முதல் தடவை அலமாரிச் சாவி கிடைக்கவில்லை. ரெண்டாவது தடவை பழைய சேர்க்கைப் பதிவேடு கிடைத்தது, ஓரமெல்லாம் செல்லரித்து. 1966. தாத்தாவின் பெயர் இருக்கிறது, அவருடைய அப்பா பெயர் இருக்கிறது, சாதிக் கட்டத்தில் 'ஏ.கே.' இருக்கிறது. அவன் அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெண்தான் ஃபோனில் படம் எடுத்தாள்.

அடுத்தது அங்கே வருவாய்ச் சான்று கொடுக்கிற ஆபீஸ். கன்னடத்தில் அதற்குப் பெயர் நாடகச்சேரி. நம்ம காதில் 'நாடகச் சேரி' என்றுதான் விழுகிறது. ஒரு வேலை நாளில் திரும்பப் போகிறோம். அவனுக்குக் கன்னடம் பேசத்தான் தெரியும், எனக்கு அதுவும் அரைகுறை. கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்த தோழர் யாராவது கூட வர முடியுமா? காலை ஆறரைக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நிற்போம்.