விசையில் நகரும் நாற்காலி

இரண்டாம் உலக யுத்தத்திலே முதுகுத்தண்டில் காயமுற்றுக் கைகால்களின் வலுவை இழந்து, பெனிசிலின் முதலிய புதிய மருந்துகளின் பயனாக உயிர் தப்பித் தாயகம் திரும்பிய போர்வீரர்கள், பிறர் தள்ளாமலே நகர்வதற்கு வழி செய்ய வேண்டும் என்ற நோக்கத்துடன்தான், கனடா தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த ஜார்ஜ் கிளைன் என்னும் பொறியியல் நிபுணர், தம் சகாக்களோடு 1950களின் தொடக்கத்தில் மின்விசை நாற்காலி ஒன்றை உருவாக்கினார். நாற்காலியை ஓட்டும் இரு சக்கரங்களுக்கும் தனித்தனியே மோட்டார் இருப்பதால், ஒன்று விரைந்தும் மற்றொன்று தயங்கியும் சுழலும்போது, சிறு கைப்பிடியைச் சாய்த்த திசையிலே நாற்காலி திரும்புகிறது.

இன்று நாலடி வைத்ததும் மூச்சு வாங்கும் வயோதிகர்களுக்கும் அது உதவுகிறது. ஆனால், கால் இருக்க நாற்காலி எதற்கு என்று அவர்கள் கூசுகிறார்கள். மூக்குக்கண்ணாடிக்குக் கூசாதவர்கள் இதற்கு மட்டும் கூசுவானேன்? வீட்டுக்குள் இயன்றவரை நடந்து, கடைவீதிக்குச் செல்ல மாத்திரம் இதை வைத்துக்கொள்ளலாமே!

வாங்குமுன் வீட்டு வாயிலின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். சாதாரணமாகப் பிடியை விட்டதும் நாற்காலி நின்று, பிரேக் தானே பற்றிக்கொள்ளும். ஆனால் கையால் தள்ளுவதற்காக மோட்டாரை விலக்கிவிட்டால் அந்தப் பிரேக்கும் விலகிவிடும் ஆதலால், சரிவான இடத்தில் ஒருபோதும் அவ்விதம் செய்யலாகாது.