குடும்பப்பெயர் என்னும் வெற்றுக் கட்டம்



பிறந்த குழந்தைக்கு நல்ல தமிழ்ப்பெயர் வேண்டுமென்று விரும்பும் பெற்றோர் முதலில் நாடி வருவது கவிஞரின் வீட்டு வாயிலைத்தான். கயல்விழி என்றோ இளமாறன் என்றோ ஒரு துண்டுத்தாளில் எழுதித் தந்தவுடன் கவிஞரின் பணி முடிந்துவிடுகிறது. அப்பெயர் பின்னர் எங்கெங்குப் போய் நிற்கிறது என்பதை எவரும் தொடர்ந்து பார்ப்பதில்லை. அயல்நாட்டு விமான நிலையத்தின் குடிவரவு மேசை முன் அது போய் நிற்கும் ஒரு வேளையே இவ்வுரையின் பொருள்.

திருப்பூர்ப் பகுதியிலிருந்து கடல் கடந்து சென்றோர் ஒரு காலத்தில் பெரும்பாலும் பனியன் ஏற்றுமதியாளரே. மாதிரித் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு தனியே சென்று தனியே திரும்பினர். பொருள்வயிற் பிரிவு என்று இலக்கணம் சொல்லும் பிரிவு அது. வீட்டில் மனைவியும் மக்களும் காத்திருந்தனர். இன்றோ பள்ளி விடுமுறையில் குடும்பமே புறப்படுகிறது. பொருள் தேடப் போனவனைப் பாடிய மரபு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லை கடக்கும் தாயை இன்னும் பாடத் தொடங்கவில்லை.

இப்பயணங்களை எளிதாக்கியவற்றுள் ஒன்று, போய் இறங்கிய இடத்திலேயே வழங்கப்படும் விசா. தூதரகத்திற்கு முன்கூட்டிக் கடவுச்சீட்டை அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. மாலத்தீவு இந்தியர்க்கு அதனைக் கட்டணமின்றியே தருகிறது. தாய்லாந்து 2023 நவம்பரில் இந்தியர்க்கு விசா விலக்கு அளிக்கும் வரையில், 2000 பாட் பெற்றுக்கொண்டு 15 நாள் தங்க இசைவு தந்துவந்தது. கைச்செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டவும் ஒரு விதி இருந்தது: தனியாளாயின் 10,000 பாட், குடும்பமாயின் 20,000 பாட். எத்தனை பிள்ளைகள் இருப்பினும் குடும்பம் என்பது இரண்டு ஆட்களுக்குச் சமம் என்பது அந்த மேசையின் கணக்கு. நடுத்தரக் குடும்பத்துத் தாய்மார் சிரிக்கக்கூடிய கணக்குத்தான்! ஆனால் பணத்தில் ஒன்றாக எண்ணப்பட்ட குடும்பம் தாளில் ஒன்றாக எண்ணப்படுவதில்லை. கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். தனிப் படிவம் வேண்டும். அப்படிவத்தின் தலைப்பிலேயே இரண்டு கட்டங்கள் நிற்கின்றன. ஒன்று இயற்பெயருக்கு, மற்றொன்று குடும்பப்பெயருக்கு.

இவ்விரண்டாம் கட்டத்தில்தான் தமிழர் தடுமாறுகின்றனர். கயல்விழி என்பது முழுப்பெயர். அதற்கு முன் நிற்பது தந்தை பெயரின் தலைப்பெழுத்து மட்டுமே. விண்ணப்பத்தில் தலைப்பெழுத்து ஏற்கப்படாது என்றவுடன் சிலர் தந்தையின் பெயரை விரித்துக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதுவர். சிலர் அக்கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவர். கடவுச்சீட்டின் அடியில் பொறி படிக்கும் இரண்டு வரிகள் உள்ளன. வரிக்கு 44 இடங்கள். பெயரின் இரு பகுதிகளையும் பிரிக்க இரண்டு கூர்முனைக் குறிகள் இடப்படும். ஒற்றைப் பெயராயின், அக்குறிகளுக்குப் பின் எழுத்தே இராது. வரி முடியும்வரை வெறுங்குறிகளே ஓடும்.

2022 நவம்பர் 21ஆம் நாளிட்ட சுற்றறிக்கை ஒன்றை இந்திய விமான நிறுவனங்கள் பயண முகவர்களுக்கு அனுப்பின. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உடையோரைச் சுற்றுலா முதலிய விசாக்களில் ஐக்கிய அரபு அமீரகம் அனுமதிக்காது என்பது அதன் செய்தி. கோயம்புத்தூரிலிருந்து பல்லாண்டுகளாக விமானம் சென்றுவரும் ஷார்ஜா அந்நாட்டிலேதான் உள்ளது. சில நாட்களில் ஒரு விளக்கம் வந்தது. கடவுச்சீட்டின் பின்பக்கத்தில் தந்தையின் பெயரோ குடும்பப்பெயரோ அச்சிடப்பட்டிருந்தால், இறங்கியபின் தரும் விசாவிற்கு ஒற்றைப் பெயரினரும் தகுதியுடையவர் என்பது அது. அமெரிக்க விசா போன்றவற்றை ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் இந்தியர்க்கு 2017 முதல் அந்நாடு இவ்வகை விசாவை வழங்கிவருகிறது.

இங்கே சற்று நிற்க வேண்டும். அப்பின்பக்கத்தில் தந்தையின் பெயருக்கு அடுத்த வரியில் தாயின் பெயரும் அச்சாகியிருந்தது. விளக்கம் சுட்டியது தந்தையின் பெயரையும் குடும்பப்பெயரையுமே. தாயின் பெயரை அது எண்ணவில்லை. இந்திய அரசோ 2016 டிசம்பரில், பெற்றோரில் ஒருவர் பெயரை மட்டும் தந்தாலே கடவுச்சீட்டிற்குப் போதும் என்று விதியைத் தளர்த்தியிருந்தது. கணவனைப் பிரிந்த ஒருத்தி, தன் பெயரை மட்டும் எழுதித் தன் மகளுக்குக் கடவுச்சீட்டுப் பெறுகிறாள் என்று கொள்வோம். மகளின் பெயர் கயல்விழி. குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமை. சொந்த நாடு போதும் என்று சொன்ன தாளை வைத்துக்கொண்டு அவள் எங்கே நிற்பாள்? குடிவரவு மேசை வரைகூடப் போக வேண்டியதில்லை. திருப்பி அனுப்பப்படும் பயணியை மீளக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும். ஆதலால் புறப்படும் ஊரிலேயே தாள்களைப் பார்த்து நிறுத்திவிடுவர். இறங்கியபின் தரும் விசா என்பது பெயரளவில்தான். அதன் முதல் வாயில் ஏறுமிடத்திலேயே இருக்கிறது.

தந்தையும் தாயும் உடன் செல்லும் வீட்டிலும் சிக்கல் உண்டு. தாயின் கடவுச்சீட்டில் அவள் தந்தையின் பெயர். மகளின் கடவுச்சீட்டில் அவள் தந்தையின் பெயர். ஒருவர் விரலை ஒருவர் பற்றி நிற்கும் இருவர்க்கும் பெயர்க் கட்டங்களில் பொதுவான சொல் ஒன்றுகூட இல்லை. தென்னாப்பிரிக்கா 2015 ஜூன் முதல் சில ஆண்டுகள், குழந்தையுடன் வருவோரிடம் பெற்றோர் பெயர்கள் அடங்கிய முழுப் பிறப்புச் சான்றிதழையே கேட்டது. குழந்தை கடத்தலைத் தடுக்க எழுந்த விதி அது, குறைசொல்லவும் இயலாது. வேற்றுக் குடும்பப்பெயருடைய தாயைச் சற்றே உற்று நோக்கும் அதிகாரி தம் கடமையைத்தான் செய்கிறார்.

அந்த வெற்றுக் கட்டம் தமிழரின் கவனக்குறைவால் நேர்ந்ததன்று. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டங்களை விட்டொழிக்க வேண்டுமெனத் தீர்மானித்தது. இயக்கத்தைத் தலைமையேற்று நடத்தியவர் பக்கத்து ஊரான ஈரோட்டுக்காரர். பட்டங்கள் உதிர்ந்த இடமே இன்று படிவத்தில் வெறுமையாகத் தெரிகிறது. இந்தியாவின் பிற பகுதிகளில் பெயரின் பின்பாதியைக் கேட்டவுடன் சாதியை அறிந்துகொள்வர். தமிழ்நாட்டில் அது பெருமளவு இயலாததாயிற்று. மூன்று தலைமுறை முயன்று வெறுமையாக்கிய கட்டத்தை ஒரு விசாவிற்காகப் பழைய பட்டத்தைத் தேடிப்பிடித்து நிரப்புவது வருந்தத்தக்கது. குடும்பப்பெயர் என்றால் குலப்பெயர் என்று கொண்டு முகவர் நிரப்பித் தருவதைப் படித்துப் பாராமல் கையொப்பமிடும் வீட்டில் அதுவும் நடக்கக்கூடும்.

பழந்தமிழர் பெயரைத் தனியே நிறுத்தியதில்லை. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதில் ஊர், தந்தை, தொழில், பெயர் அனைத்தும் உண்டு. எந்தக் குடிவரவு மேசையும் மறுக்க முடியாத முழுமை அது. இன்னொருபுறம், அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்று விலக்கியவரும் அவரே. பாட்டிருந்தும் பெயர் அறியப்படாத புலவர்க்கு, அவர் ஆண்ட சொற்றொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் என்று தொகுத்தோர் எழுதிவைத்தனர். வெற்றுக் கட்டத்தைத் தமிழ் நிரப்பிய முறைகளுள் இதனினும் அழகியது வேறில்லை. பட்டினப்பாலை காட்டும் சுங்கத்தார் புலிப்பொறி இட்டதும் சரக்கு மூட்டைகளின்மேல்தான்.

திருப்பூரின் சரக்கும் பெயரோடுதான் செல்கிறது. தையல் முடிந்து, செக்கிங் முடிந்து, அயர்ன் செய்து அட்டைப்பெட்டிக்குள் போகும் குழந்தைச் சட்டையின் கழுத்தில் ஓர் அயல்நாட்டு நிறுவனத்தின் பெயரும், அணியும் வயதும், செய்த நாடும் லேபிளாகத் தைக்கப்பட்டிருக்கும். லேபிள் ஒரு நூல் கோணினாலும் அச்சட்டை ஒதுக்கப்படும். அந்த லேபிளை நாள்தோறும் ஆயிரக்கணக்கில் பார்த்துச் சரிசெய்யும் பெண், தன் மகளின் பிறப்புச் சான்றிதழில் எழுத்துப்பிழை இருப்பதைப் பள்ளிச் சேர்க்கையின்போதுதான் காண்கிறாள்.

பெயரிடாத பிறப்புச் சான்றிதழ்கள் இன்னும் பல பெட்டிகளில் கிடக்கின்றன. பிறப்பைப் பதிந்தபின் குழந்தையின் பெயரைச் சேர்க்க ஓராண்டு வரை கட்டணமில்லை; பதினைந்து ஆண்டு வரை கட்டணத்துடன் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குக் கடவுச்சீட்டு பெறப் பிறந்தநாள் சான்றாக ஏற்கப்படுவது பிறப்புச் சான்றிதழ் ஒன்றே. ஆகவே எழுத்து அங்கேயே திருத்தமாக அமைதல் வேண்டும். குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதப்போவது யார் பெயர் என்பதையும் அப்போதே வீட்டில் பேசிவிடுதல் நன்று. தந்தையின் பெயர் அங்கே அமரலாம் என்றால் தாயின் பெயரும் அமரலாம். தமிழ்ப்பெயர் வரிசையில் அதற்கு எந்த இலக்கணத் தடையும் இல்லை. பெயர் கேட்டு வரும் பெற்றோரிடம் இதைச் சொல்வதற்குக் கவிஞரைவிடத் தகுந்தவர் யார்? துண்டுத்தாளில் ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும்.

மூன்றாவதாக இன்னொரு வரியும் வேண்டும்: ரோமன் எழுத்துக் கூட்டல். கயல்விழியின் ழகரத்தைச் சான்றிதழில் 'எல்' என்றும், பள்ளியில் 'இசட்-எச்' என்றும் எழுதிவிட்டால் ஒரே குழந்தை இரு குழந்தையாகிவிடும். சிறாரின் கடவுச்சீட்டு ஐந்தாண்டே செல்லும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையின் புகைப்படத்தை வெள்ளைப் பின்புலத்தில் எடுத்துப் பெற்றோரே கொண்டுசெல்ல வேண்டும். ஆறு மாதத்தில் எடுத்த படத்தோடு நான்கு வயதுக் குழந்தை போய் நிற்கும்போது முகம் பொருந்துவதில்லை. பெயர் ஒன்றுதான் பொருந்த வேண்டியிருக்கிறது. அதிகாரி அதைக் காயல்விசி என்று வாசிப்பார். கயல்விழி தன்னைத்தான் அழைக்கிறார் என்று தெரிந்து, மேசைக்கு மேலே எட்டிப் பார்க்கத் தாயின் கையைப் பற்றி எம்புவாள்.