கல்லைக்கொண்டு மூச்சுவிடும் உயிர்கள்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மூச்சு நின்றால் உயிர் நின்றது என்கிறோம். அம்மூச்சு எதற்காக? உண்ட உணவிலிருந்து உடல் சக்தியைப் பெறும்போது இலத்திரன்கள் வெளிப்படுகின்றன. அவற்றை ஏற்றுக்கொள்ள ஒரு பொருள் வேண்டும். நமக்கு அப்பொருள் காற்றிலுள்ள ஒட்சிசன். அப்படியானால், காற்றே புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர் என்ன செய்யும்?

அமெரிக்காவிலே, நியூ யோர்க் மாநிலத்து ஒனைடா ஏரியின் சேற்றிலிருந்து எடுத்த ஒரு பற்றீரியம் மங்கனீசு ஒட்சைட்டைக் கொண்டு சுவாசிக்கின்றதென மையர்ஸ், நீல்சன் என்னும் விஞ்ஞானிகள் 1988இல் வெளியிட்டனர். இன்று அதனை ஷெவனெல்லா என்பர். பொட்டோமாக் ஆற்றுச் சேற்றில் லவ்லி என்பார் கண்ட ஜியோபக்டர் இரும்பு ஒட்சைட்டைக் கொண்டு சுவாசிப்பது.

ஒட்சிசன் கரைந்து கலத்தினுள்ளே வரும், கல் வராது. ஆகவே இவ்வுயிர்கள் இலத்திரனை வெளியே அனுப்புகின்றன. திருப்பணி நடக்கும் கோயிலிலே அடியார்கள் வரிசையாக நின்று கைக்குக் கை கல்லை மாற்றுவதுபோல, இரும்பு பொதிந்த சைற்றோகுரோம் என்னும் புரதங்கள் இலத்திரனைக் கைமாற்றி வெளிச்சவ்வுக்குக் கொண்டுவருகின்றன. ஜியோபக்டர் நுண்ணிய கம்பிபோன்ற இழைகளையும் நீட்டுகின்றது. அவற்றுட் சில இப்புரதத்தாலேயே ஆனவையென 2019இல் தெரியவந்தது.

கல்லுக்குப் பதிலாக மின்வாயை வைத்தால் அவ்விலத்திரன்கள் மின்னோட்டமாகின்றன. நுண்ணுயிர்களால் மின்சாரம் உண்டாவதை இங்கிலாந்தில் பொற்றர் என்பவர் 1911இலேயே காட்டினார். ஆயினும் கிடைப்பது சொற்பமே.

இம்மூச்சு மனிதருக்கு நன்மையும் செய்யும், தீமையும் செய்யும். கொலராடோவின் றைபிள் என்னுமிடத்தில் 2002இல் நிலத்தடி நீருக்கு அசற்றேற்றை ஊட்டியபோது ஜியோபக்டர் பெருகியது. நீரிற் கரைந்திருந்த யுரேனியம் கரையாப் பொருளாகிக் குறைந்தது. வங்காளதேசத்திலோ நிகழ்ந்தது வேறு. குளத்து நீரால் வரும் நோயிலிருந்து குழந்தைகளைக் காக்கவென்று 1970களில் அங்கே குழாய்க் கிணறுகள் பெருவாரியாக அமைக்கப்பட்டன. நிலத்தினடியில் இரும்பு ஒட்சைட்டைச் சுவாசிக்கும் நுண்ணுயிர்கள், அதனோடு ஒட்டியிருந்த ஆசனிக்கு நஞ்சையும் நீரிலே விடுவித்தன. கோடிக்கணக்கான மக்கள் அந்நீரைக் குடித்தனர். நிறமில்லை, மணமில்லை, ஆதலால் நெடுங்காலம் எவரும் ஐயுறவில்லை.

நண்பர்களே, கிணறு அமைத்தவர்கள் தீயவர்களல்லர். உயிர் காக்கவே முன்வந்தனர். தொண்டு செய்யப் புறப்படும் நாம் இதை மறக்கலாகாது. கிணறு வெட்டிக் கொடுப்பது தருமம். அதன் நீரைச் சோதித்துக் கொடுப்பதும் அத்தருமத்தின் பகுதியே. அன்பிருந்தால் மட்டும் போதாது, அறிவும் உடன்வர வேண்டும்.