பூஞ்சையை அடக்க ஒரு பூஞ்சை

நான் ஆம்பூர்ல தோல் பதனிடும் வேலையில இருக்கேன். எங்களுக்குப் பூஞ்சைன்னா எதிரி. குரோம் போட்டுப் பதனிட்ட ஈரத் தோலை 'வெட் புளூ'ன்னு சொல்வோம். அதை மருந்து போடாம அடுக்கி வெச்சா பூஞ்சை பூத்துக் கறை விழுந்துடும். விலை போகாது.

அந்த நினைப்போடதான் ஊருக்குப் போனேன். அணைக்கட்டு பக்கம் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். போட்டது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. அந்த வருஷம் மழை தள்ளிப்போச்சு. செடி திட்டுத் திட்டா வாடிச்சு. பிடுங்கிப் பார்த்தா வேர் கறுத்து, பட்டை உரிஞ்சு வருது. வேரழுகல் நோய். மேக்ரோபோமினாங்கிற பூஞ்சையோட வேலை. மண்ணு காய்ஞ்சு சூடானா அதுக்குக் கொண்டாட்டம். பயிர் இல்லாதப்பவும் மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா கிடக்கும். இலையில தெளிச்சா அங்க எட்டாது.

இதுக்கு இன்னொரு பூஞ்சையே மருந்து. பேரு டிரைக்கோடெர்மா. 1932-ல வைண்ட்லிங்னு ஒரு விஞ்ஞானி, உருளைக்கிழங்கையும் தாக்குற ரைசக்டோனியாங்கிற பூஞ்சையை இது இழையால சுத்தி வளைச்சுத் தின்னுறதை எழுதினார். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வேர்க்கடலைக்குச் சொல்ற அளவு: ஒரு கிலோ விதைக்கு 4 கிராம். மண்ணுல போடணும்னா எக்டேருக்கு 2.5 கிலோ, 50 கிலோ தொழுவுரத்துல கலந்து.

முதல் வருஷம் நான் சொதப்பினேன். பாக்கெட்டைத் தகரக் கொட்டகையில வெச்சேன். 'எதுக்கும் இருக்கட்டும்'னு ரசாயனப் பூஞ்சைக்கொல்லியையும் அதே விதையில கலந்தேன். பூஞ்சையைக் கொல்ற மருந்து இந்தப் பூஞ்சையை மட்டும் விட்டுவைக்குமா? திரும்பவும் திட்டுத் திட்டா காய்ஞ்சுது. "தோல் கம்பெனி புத்தியை இங்க காட்டாதடா"ன்னு அப்பா சொன்னார். அவர் விதைக்கடலை வாங்கினது கடன்ல. எனக்குப் பதில் பேச வாய் வரல.

அடுத்த வருஷம் புது பாக்கெட், நிழல்ல வெச்சோம். விதையில கலந்து நிழல்லயே உலர்த்தினோம். தொழுவுரத்துல கலந்து மண்ணுலயும் போட்டோம். நோய் முழுசா போகல, ஆனா திட்டுகள் குறைஞ்சுது. அந்த வருஷம் மழையும் ஒத்துழைச்சுது, அதையும் சொல்லிடணும். அப்பா விதைக்கடன் கட்டினார்.

மாடித்தோட்டம் வெச்சிருக்கீங்களா? வாங்கும்போது தயாரிப்புத் தேதி பாருங்க. நாலு மாசத்துக்குள்ள பயன்படுத்திடுங்க. வெயில்ல வைக்காதீங்க, ரசாயன மருந்தோட கலக்காதீங்க. இப்பல்லாம் நான் பாக்கெட்டோட போனா அப்பா முதல்ல கேக்குறது, "இது உயிரோட இருக்காடா?"