முதியோர் நடக்க வழி விடுக!



நாயைப் பற்றியும் மேடையேறிப் பேசுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர்கள் விடியற்காலையில் வண்ணார்பண்ணையிலோ கொழும்புத்துறையிலோ ஓர் ஒழுங்கைக்குள் நடந்து பார்க்கட்டும். தடியோடு வரும் முதியவர்களைக் காண்பார்கள். அத்தடி ஊன்றுவதற்கன்று, கட்டாக்காலி நாய்களை விரட்டுவதற்கு!

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் நூற்றுக்கு 12.4 பேர் 60 வயதை எட்டியோர். நம் குடாநாட்டிலோ பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுப் பெரிய வீட்டிலே தனித்திருக்கும் பெற்றோர் பலர். நாய் படலையடியிற் சங்கிலியில். ஐயா விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில். இருவருமே கட்டுண்டவர்கள். மகனோ ரொறன்ரோவிலே கொட்டும் பனியிலும் தன் நாயை வாரிற் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

முதியோரும் வாரத்திற்கு 150 நிமிடமாவது விரைந்து நடப்பது போன்ற உடலுழைப்பில் ஈடுபட வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்துரைத்தது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வைத்தியர் கூறுவதும் அதுவே. ஆயினும், வழக்கிற்குத் தவணை கேட்பதுபோல் நடைக்கும் தவணை கேட்பவர் நம்மவர். நாயோ தவணை வழங்காத நீதவான். குறித்த வேளைக்குப் படலையிலே நின்று குரைக்கும். இழுத்து வீழ்த்தும் முரட்டு நாயை 80 வயதினர் கையிற் கொடுக்கும்படி நாம் கூறவில்லை. அடங்கி நடக்கும் நாயும் உறுதியான வாரும் போதும்.

இனி, சட்டத்திற்கு வருவோம். விசர்நாய்க்கடி பற்றிய கட்டளைச் சட்டம் 1893இலும், நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901இலும் பிறந்தவை. ஆகவே சட்டத்திற்குப் பஞ்சமில்லை. பகலெல்லாம் சோறு வைத்துவிட்டு, கடித்த மறுகணமே "அது எங்கள் நாயல்ல" என்று கைவிரிப்போரும், பெட்டைக் குட்டிகளைச் சாக்கிற் கட்டிச் சந்தையடியில் எறிவோருமே கட்டாக்காலிகளைப் பெருக்குகின்றனர். இவர்கள் வேற்றூரார் அல்லர், நம் அயலவர்களே.

தெருநாய்களைக் கொன்றொழிக்கும் வழக்கத்தை அரசு 2006இல் கைவிட்டது. அதனை நாம் வரவேற்கிறோம். நாயைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் வேண்டாமென்ற தருமர் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் கொலையை நிறுத்தினால் மட்டும் போதுமா? கருத்தடையும் தடுப்பூசியும் வட்டாரந்தோறும் தவறாது நடைபெற வேண்டாமா? விசர்நாய்க்கடி நோயின் குறி தோன்றிவிட்டால், பிழைப்பவர் இல்லையென்றே கூறலாம்.

நமது மாநகர சபை 1949இல் உருவானது. நடப்பதற்குப் பழைய பூங்கா உண்டு, பண்ணைக் கரை உண்டு என்று சபையார் கூறுவர். நடப்பதற்கே முச்சக்கர வண்டி பிடித்துச் செல்ல வேண்டுமாயின், அது என்ன நடை? முதியவருக்குப் படலைக்கு வெளியேயுள்ள ஒழுங்கையே பூங்கா. பெற்றோரைப் பேணும் கடமையை 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பிள்ளைகள் மீது சுமத்தியது. வடிகாலுக்கு மூடியும் ஒழுங்கைக்கு விளக்கும் இடும் கடமையை ரொறன்ரோவிலிருக்கும் மகனா நிறைவேற்றுவான்?

இக்கோரிக்கைகள் அடங்கிய மனு வாயிலில் வைக்கப்பட்டுள்ளது. கையொப்பமிடுங்கள். வீட்டில் நாய் வளர்ப்போர், அதற்கு இவ்வாண்டு தடுப்பூசி போட்டாயிற்றா என்பதையும் பெயரருகே எழுதுங்கள். சபையிடம் கணக்குக் கேட்கப் போகிறவர்கள், முதலில் தம் கணக்கைக் காட்டுவதே முறை.