உழைத்துக்கொண்டே படிப்போர்க்கு



வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரை வழங்குவது மரபு. வாழ்த்தோடு நின்றுவிடாமல், நம் இளைஞர்களின் அன்றாட இடர்ப்பாடு ஒன்றைப் பற்றியும் சிறிது பேச விரும்புகின்றேன். கல்லூரியிலும் படிக்க வேண்டும். வீட்டிற்குச் சம்பாதித்தும் கொடுக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேர நடத்துவது எங்ஙனம்?

நமது பள்ளத்தாக்கில் வேலைக்குப் பஞ்சமில்லை. பன்னீர்த் திராட்சை ஆண்டிற்கு ஒரு முறைக்கு மேலும் காய்ப்பதால் கவாத்து, மருந்தடிப்பு, பழம் பறிப்பு என எந்த மாதத்திலும் தோட்டத்திற்கு ஆள் வேண்டும். ஏலக்காய்ப் பருவத்திலோ விடியுமுன்னரே ஜீப்புகள் மலையேறுகின்றன. தந்தையின் கூலி மட்டும் போதாத வீட்டில், பிள்ளை “நான் படிப்பதை மட்டுமே செய்வேன்” என்று சொல்ல இயலுமா? ஆகவே, வேலைக்குப் போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை. எதற்காக வேலைக்குப் போகின்றோம் என்பதை மறவாதே என்றே சொல்லுகின்றேன்.

இதற்கு வழிகாட்டி வேறெங்கும் தேட வேண்டியதில்லை. பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்தமையால், 1917ஆம் ஆண்டு அண்ணல் அம்பேத்கர் தம் இலண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் மீண்டும் வந்து தொடரலாம் என்னும் அனுமதியை மட்டும் பெற்று வந்தார். 1918 நவம்பரில் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். நல்ல ஊதியம், மதிப்பான பதவி. மற்றவராயின் அதுவே போதும் என்று அமைந்திருப்பர். அவரோ பரேல் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் குடும்பத்தோடு எளிமையாக வாழ்ந்து, ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். 1920 மார்ச்சில் பதவியைத் துறந்தார். தம் சேமிப்போடு, கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசரின் உதவியும், நண்பர் நவல் பாத்தேனா தந்த கடனும் சேர, அவ்வாண்டே இலண்டன் சென்றார். 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி. பட்டங்கள் பெற்றார், இடையில் பாரிஸ்டருமானார்.

இதில் நாம் கற்க வேண்டியது யாது? அவர் படிப்பிற்காக வேலை பார்த்தார். வேலை போக எஞ்சிய நேரத்தில் படிப்போம் என்று இருந்தாரில்லை. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவிற்கும் உள்ளதாகும்.

கூலி இன்று மாலையே கைக்கு வரும். பட்டம் வர மூன்றாண்டு ஆகும். எனவே கூலியின் பக்கம் மனம் சாய்வது இயல்பு. முதலில் ஒரு நாள் வகுப்புத் தவறும். பிறகு ஒரு வாரம் தவறும். அடுத்து வருகைப் பதிவு குறைந்து தேர்வெழுத முடியாமற் போகும். யாரும் படிப்பை விடுவதென்று முடிவு செய்வதில்லை. அது கைநழுவியே போய்விடுகின்றது.

இதனைத் தடுக்கச் சில வழிகளைச் சொல்லுகின்றேன்.

முதலாவது, படிப்பிற்கேற்ற வேலையைத் தேர்ந்து கொள்ளுங்கள். நாள்தோறும் கல்லூரி செல்வோர் விடுமுறை நாட்களில் மட்டும் உழைக்கட்டும். நாள்தோறும் வேலை கட்டாயமெனில், கல்லூரியில் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேர்வை இழக்க வேண்டாம். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985 முதலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 முதலும் இத்தகையோர்க்காகவே உள்ளன. எந்தத் தொலைநிலைப் படிப்பாயினும், அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பு உண்டா என்று பார்த்த பின்னரே பணம் கட்டுங்கள்.

இரண்டாவது, காலத்தைக் கட்டுங்கள். களைத்து வந்த இரவில் புதிய பாடம் மனத்தில் ஏறாது. எழுதிய குறிப்பை ஒருமுறை வாசிக்க மட்டும் இயலும். கடினமான பாடத்தை விடியற்காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் ஒரு மணி நேரம் தவறாது படிப்பவன், தேர்வுக்கு முந்திய வாரத்தில் கண்விழிப்பவனைவிட மேலானவன். அந்த ஒரு மணி நேரம் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். வேறு அறை இல்லையெனில் அம்மாவின் கையில் இருக்கட்டும்.

மூன்றாவது, கூலி வந்தவுடன் கல்விக்கட்டணத்திற்கும் நூல்களுக்கும் உரியதை முதலில் எடுத்து வைத்துவிட்டு, எஞ்சியதை வீட்டில் கொடுங்கள்.

நான்காவது, உரிமையை விடாதீர்கள். மெட்ரிக் படிப்பிற்குப் பிந்திய கல்வி உதவித்தொகை 1944ஆம் ஆண்டு முதல் நம் மாணவர்க்கு வழங்கப்பட்டு வருகின்றது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை முன்னதாகவே பெற்று, உரிய நாளுக்குள் விண்ணப்பியுங்கள். அது பிச்சையன்று, போராடிப் பெற்ற பங்கு.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. அண்ணன்மாரே, அக்காமாரே! பறிப்பு மும்முரமாக இருக்கும் நாளிலேயே தேர்வும் வரலாம். அந்தப் பத்து நாட்களுக்குப் பிள்ளையை அழைக்காதீர்கள். பெண்பிள்ளைகளுக்கோ வெளிவேலை முடிந்தபின் வீட்டு வேலையும் காத்திருக்கின்றது. அந்தப் பாத்திரங்களை அவள் தம்பியும் கழுவலாம், கை தேய்ந்துவிடாது.

நிறைவாக, சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ஒற்றை அறை வீட்டில் தொலைக்காட்சியும், விருந்தினரும், அழும் குழந்தையும் இருக்க, எங்கே அமர்ந்து படிப்பது? வெள்ளி விழாவின் நினைவாக, இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் படிப்பகம் ஒன்றை அமையுங்கள். நல்ல விளக்கும், நான்கு மேசைகளும், அமைதியும் போதும். சிலைகளையும் வளைவுகளையும் பின்னர் வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பகத்தில் வாரம் இரு மாலைகள் அமர்ந்து ஐயம் தீர்க்க நான் வருகின்றேன். என் உடன் ஆசிரியர்களையும் அழைத்து வருவேன்.

இளைஞர்களே, உழைக்கும் கைகளுக்கு வெட்கமில்லை. ஆனால் அக்கைகள் தூக்கிய சுமை, அடுத்த தலைமுறையின் தலையில் ஏறாதிருக்க வேண்டும். அதற்காகவே படியுங்கள்.