கணிகருவியும் நடுநிலைப் புள்ளியும்

கணிதப் பரீட்சையிற் கணிகருவியை அனுமதிக்கலாமா என்னும் வினா, பெற்றோரையும் ஆசிரியரையும் ஒருங்கே மயக்குவதொன்று. பிள்ளைகளின் சிந்தனை மழுங்குமென அஞ்சுவர் ஒரு சாரார். கடையிலும் காரியாலயத்திலும் வழங்குங் கருவியை மாணாக்கருக்கு மட்டும் மறுப்பதேன் என்பர் மறு சாரார்.

உழைப்பைக் குறைக்குந் துணை கணிதத்துக்குப் புதிதன்று. ஸ்கொத்லாந்து அறிஞர் ஜோன் நேப்பியர், பெருக்கலைக் கூட்டலாக்கும் மடக்கை முறையை 1614ஆம் ஆண்டில் வெளியிட்டார். மடக்கை அட்டவணையைப் பார்ப்பவன் தன் செய்கையைப் படிப்படியாக எழுதியே ஆகவேண்டும். கணிகருவியை அழுத்துபவனோ விடையை மட்டும் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லலாம். புள்ளியிடுவோரின் சங்கடம் இங்கேதான் பிறக்கின்றது.

இங்கிலாந்தின் ஜீ.சீ.எஸ்.ஈ. பரீட்சை இதற்கு ஒரு வழி காட்டுகின்றது. அங்கே கணிதத்துக்கு மூன்று வினாத்தாள்கள்; ஒன்றிற் கணிகருவிக்கு இடமில்லை, இரண்டில் உண்டு. குறியீட்டு அட்சரகணிதஞ் செய்யுங் கருவிகளும், பிற கருவிகளோடு செய்தி பரிமாறுங் கருவிகளும் விலக்கப்பட்டுள்ளன. செல்வர் வீட்டுப் பிள்ளை விலையுயர்ந்த கருவியால் மேம்படாதிருக்க இவ்விதியும் ஓரளவு உதவும். புள்ளிகளும் முறைக்கு வேறு, விடைக்கு வேறு எனப் பிரிக்கப்படுகின்றன.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். செங்கோண முக்கோணி ஒன்றின் செம்பக்கம் 12 சென்ரிமீற்றர். ஒரு கோணம் 30 பாகை. அதன் எதிர்ப்பக்கம் 6 சென்ரிமீற்றர். மாணாக்கர் இருவரின் கருவிகளும் பாகைக்குப் பதிலாக ஆரையனில் இருந்தன என்க. இருவருக்குங் கிடைப்பது சய 11.86. ஒருவன் “12 × சைன் 30” என எழுதிய பின் அவ்விடையை எழுதினான். மற்றவன் விடையை மட்டும் எழுதினான். முன்னவனுக்கு முறைக்குரிய புள்ளி கிட்டும், பின்னவனுக்கு ஒன்றுமில்லை. இருவரும் ஒரே அளவு அறிந்திருக்கலாம். ஆயினும் பரீட்சகர் தாளிற் கண்டதற்கே புள்ளியிடலாம். நெஞ்சில் இருந்ததற்கு இடவியலாது.

இவ்விருவருஞ் செய்யத் தவறியது ஒன்றுண்டு. ஒரு பக்கத்தின் நீளம் சய எண்ணாகாது என்பதை எந்தக் கருவியும் எச்சரிப்பதில்லை. விடை ஏறத்தாழ எவ்வளவாகும் என முன்னரே மதிப்பிடும் பழக்கமுடையவன் அதனைக் கண்டவுடனே ஐயுற்றிருப்பான்.

ஆதலின், கருவியைத் தடுப்பதா விடுப்பதா என்பதோடு நம் கவலை நின்றுவிடலாகாது. முதலில் மதிப்பிடுதல், பின்பு வழியை எழுதுதல், அதன்பின் கருவியைத் தொடுதல் என்னும் ஒழுங்கை வகுப்பறையிலே பழக்கிவிடின், பிள்ளையின் அறிவும் வளரும். பரீட்சகரின் தீர்ப்பும் நேர்மையுடையதாகும்.